கன்ஃபர்ம், வெரிஃபை, வேலிடேட்: சிபேப்பில் காலை வாரும் மூன்று சொற்கள்

சிபேப் (CBAP) என்பது பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சான்றிதழ்த் தேர்வு. அதன் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. பாஸ், ஆனால் இரண்டாவது தடவையில். முதல் தடவை படிப்பில் குறை இல்லை. ஆபீசில் செய்கிற மாதிரியே விடை போட்டதுதான் கெடுத்தது. வருஷக்கணக்கில் கிளையன்ட் எதிரே உட்கார்ந்து ரெக்வயர்மென்ட் (என்ன தேவை என்ற விவரம்) வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் இந்தத் தேர்வு அதிகம் குழி பறிக்கும். நாம் ஒரே மீட்டிங்கில் முடிக்கும் வேலையை பாபோக் (BABOK, இந்தத் தேர்வுக்கு அடிப்படையான வழிகாட்டி நூல்) மூன்றாக நறுக்கி, தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. நறுக்கிய இடத்தில்தான் கேள்வி வருகிறது.

120 கேள்வி, மூன்றரை மணி நேரம். சராசரி 105 வினாடி. ஆனால் கேஸ் ஸ்டடிப் பத்தியை வாசிப்பதிலேயே நாலைந்து நிமிஷம் போகும். முதலில் கேள்வியைப் பாருங்கள், பத்திக்கு அப்புறம் வாருங்கள். எலிசிடேஷனுக்கு, அதாவது தேவைகளைக் கேட்டும் பார்த்தும் திரட்டும் பகுதிக்கு, 12 சதவீதக் கேள்விதானே என்று தள்ளிவிடாதீர்கள். 30 சதவீதம் வரும் அனாலிசிஸ், டிசைன் பகுதியின் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டி என்று வைத்துக்கொள்வோம். மல்லிகை ரேட் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. எந்த ரேட்டில் சிட்டை போட்டார்கள் என்று விவசாயிகளோடு தினமும் தகராறு. அதைத் தீர்க்க முதலாளிக்குக் கம்ப்யூட்டர் பில் வேண்டும். பேசும்போது, “எல்லாருக்கும் 10 சதவீதம் கமிஷன்” என்கிறார். நோட்டில் எழுதியாச்சு. இது எலிசிடேஷன் ரிசல்ட், அன்கன்ஃபர்ம்டு.

மறுநாள் பழைய சிட்டைக் கட்டைப் புரட்டினால் சிலருக்கு 12 பிடித்திருக்கிறது. “அண்ணே, சிட்டையில வேற மாதிரி இருக்கே?” “அட ஆமா, அட்வான்ஸ் வாங்குனவங்களுக்கு ரெண்டு கூட. சொல்ல விட்டுட்டேன்.” இதுதான் கன்ஃபர்ம். கேட்டதை மூலத்தோடு ஒப்பிடுவது, ஒருவர் சொன்னதை இன்னொரு வழியில் கிடைத்ததோடு ஒப்பிடுவது. இரண்டு தகவல் முட்டிக்கொள்கிறது என்று கேள்வியில் வந்தால் வேலிடேட் பக்கம் கை போகக் கூடாது. முதல் தடவை என் கை அங்கேதான் போனது.

அடுத்தது வெரிஃபை. ‘கமிஷனைச் சரியாகப் பிடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் டெஸ்டர் எதை வைத்துச் சோதிப்பார்? ‘அட்வான்ஸ் நிலுவை உள்ள விவசாயியின் சிட்டையில் மொத்த விற்பனைத் தொகையில் 12 சதவீதம் கழிய வேண்டும்’ என்றால் சோதிக்கலாம். எழுதின வாக்கியத்தின் தரத்தைப் பார்ப்பது வெரிஃபை. அதற்கு 9 குணங்கள்: அட்டாமிக், கம்ப்ளீட், கன்சிஸ்டென்ட், கன்சைஸ், ஃபீசிபிள், அன்ஆம்பிகுவஸ், டெஸ்டபிள், பிரயாரிட்டைஸ்டு, அண்டர்ஸ்டேண்டபிள். இதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

இப்போது முதலாளி மகன் வந்து சிட்டையில் விவசாயி போட்டோ அச்சாக வேண்டும் என்கிறார். என்ன அளவு, எந்த மூலை, எல்லாம் துல்லியமாக எழுதியாயிற்று. வெரிஃபையில் தேறும். ஆனால் ரேட் தகராறுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டது தீர்க்க வேண்டிய பிரச்சினைக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்ப்பது வேலிடேட். அதில் இது விழும். கேட்டவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விழும்.

இதற்கு மேல் நெளிவு சுளிவுகள். இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

– மாடல் போட (தேவைகளைப் படமாகவோ எழுத்தாகவோ வடிக்க) ஆரம்பிக்க கன்ஃபர்ம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. எலிசிடேஷன் ரிசல்ட் எந்த நிலையில் இருந்தாலும் உள்ளே போகலாம்.
– வெரிஃபை முழுதாக முடியுமுன் வேலிடேட்டை ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது.
– அப்ரூவ் ரெக்வயர்மென்ட்ஸ் என்ற ஒப்புதல் வேலைக்கு உள்ளே போவது வெரிஃபைடு ரெக்வயர்மென்ட். வேலிடேட்டட் என்று ஆப்ஷன் இருந்தால் அது தூண்டில்.
– விடையைத் தேடுமுன் ‘தகவல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது’ என்று ஒரு சொல் மனதில் வர வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஆப்ஷன் அதிலேயே உதிர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் பாபோக்கில் உள்ள ஐம்பது டெக்னிக்கையும் வரிசையாகப் படிப்பது வீண். வரையறையை ஒப்பிக்கிற ஆளுக்கு அது ஒத்துவரலாம். அதைவிட, மண்டியில் எதை எங்கே இறக்குவீர்கள் என்று யோசியுங்கள். தராசுக்காரரிடம் கேள்வித்தாளை நீட்டினால் வேலைக்கு ஆகாது. பின்னால் நின்று பார்க்க வேண்டும். அது அப்சர்வேஷன். குறுக்கே கேள்வி கேட்டால் ஆக்டிவ், வாய் திறக்காமல் பார்த்தால் பேசிவ். சிட்டைக் கட்டு டாக்குமென்ட் அனாலிசிஸ். மின்தராசிலிருந்து எடை நேரே பில்லுக்கு வர வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸ் அனாலிசிஸ். தராசுக்கு முத்திரை போடும் தொழிலாளர் துறை ரெகுலேட்டர். அந்த ஸ்டேக்ஹோல்டரை (வேலையில் சம்பந்தப்பட்ட தரப்பை) விட்டுவிட்ட ஆப்ஷன் அநேகமாகத் தப்பு.

ரெக்வயர்மென்ட்டை வகை பிரிப்பதில் டிரான்சிஷன்தான், அதாவது பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது மட்டும் வேண்டியதுதான், எல்லாருக்கும் உதைக்கும். பேரேட்டில் நிற்கும் பூ வியாபாரிகளின் பழைய பாக்கியைப் புதுக் கணக்கில் ஏற்றுவது டிரான்சிஷன். ஏற்றி முடித்ததும் அதன் ஆயுள் முடிந்தது. தினசரிப் பாக்கியைக் காட்டுவது சிஸ்டம் செய்யும் வேலை, அது ஃபங்ஷனல். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்திலும் சிட்டை 5 வினாடிக்குள் வெளியே வர வேண்டும் என்பது அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது, அது நான்-ஃபங்ஷனல்.

விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய 7,500 மணி நேர பிசினஸ் அனாலிசிஸ் அனுபவக் கணக்கைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். பாபோக்கின் ஆறு பகுதிகளில் நான்கிலாவது தலா 900 வர வேண்டும். டெவலப்பர்களை விரட்டிய நேரம், டெஸ்டிங் செய்த நேரம் எல்லாம் இதில் சேராது. கழித்துவிட்டுப் பார்த்தால் பலருக்கு ஸ்ட்ராட்டஜி அனாலிசிஸில்தான் (என்ன மாற்றம், எதற்காக என்று அலசும் பகுதி) துண்டு விழும்.

வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் தேதி போடுமுன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கும். மோடத்தையும் அதில் சொருகியிருக்கிறீர்களா? ஆடி மாதத்தில் தேதி வேண்டவே வேண்டாம். தெருமுனைக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால், எந்த ஆன்லைன் கண்காணிப்பாளரிடம் என்ன சொல்லிப் புரியவைப்பீர்கள்?