ஒரு சாண் பட்டை: சாத்துக்குடி ஒட்டு நாட்குறிப்பு

மார்ச் 2

விதை போட்டு வளர்த்த சாத்துக்குடியை இன்று வேரோடு எடுத்துவிட்டோம். ஒன்பது வருட மரம். போன மழையில் அடிமரத்தில் பிசின் வடிந்தபோதே நான் பட்டையைச் சீவிப் பார்த்திருக்க வேண்டும். இன்று சீவினால் உள்ளே ஒரே பழுப்பு, மரத்தைச் சுற்றி முழு வளையமாக. ஃபைட்டோப்தோரா, பூஞ்சை மாதிரியான ஒரு கிருமி. மண்ணில்தான் குடியிருக்கும், தண்ணீர் தேங்கினால் அதன் வித்துகள் நீந்தியே வேரையும் பட்டையையும் தேடி வந்துவிடும். சாத்துக்குடிப் பட்டைக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது.

அடுத்து வைப்பது ஒட்டுச் செடி: நோய் தாங்கும் வேறொரு செடியின் வேர், அதன் மேல் சாத்துக்குடி. நானே கட்டப்போகிறேன்.

மார்ச் 6

"விதைச்செடிதான் உறுதின்னு சொல்வாங்களே அக்கா, எதுக்கு ஒட்டு?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. உட்கார்ந்து பழைய கதையைச் சொன்னேன்.

19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளிலும், பிறகு மத்தியதரைக்கடல் நாடுகளிலும் இதே பிசின் நோய் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது. நம் சாத்துக்குடியும் இனிப்பு ஆரஞ்சு வகைதான். அப்போது புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டிய மரங்கள் தப்பின. அதன் பட்டையை இந்த நோய் எளிதில் தின்ன முடியாது. எல்லோரும் புளிப்பு ஆரஞ்சுக்கு மாறினார்கள்.

அப்புறம் 1930களில் தென் அமெரிக்காவில் அதே புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற மரங்கள் லட்சக்கணக்கில் வாடிச் செத்தன. அந்த நோய்க்கு டிரிஸ்டெசா என்று பெயர் வைத்தார்கள். துயரம் என்று பொருள். அசுவினி பரப்பும் வைரஸ் அது. இதில் என்னை உலுக்குகிற விஷயம் ஒன்று உண்டு. சாத்துக்குடி தன் வேரிலேயே நின்றால், உடம்பில் வைரஸ் இருந்தும் பெரும்பாலும் சமாளித்துவிடும். புளிப்பு ஆரஞ்சும் தனியாக நின்றால் இப்படிச் சாகாது. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் மட்டும், ஒட்டுக்குச் சற்றுக் கீழே உணவு இறங்கும் குழாய்கள் கருகிவிடுகின்றன. இலை சமைத்தது வேருக்குப் போய்ச் சேராமல், வேர் பட்டினியில் சாகிறது. நோய் இரண்டு பேரின் ஜோடியில் இருக்கிறது!

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

மார்ச் 15

வேருக்காக வளர்க்கும் வேர்ச்செடி, கரிசோ சிட்ரேஞ்ச் என்ற ரகம். வாஷிங்டன் நேவல் ஆரஞ்சும் மூவிலை ஆரஞ்சும் சேர்ந்த கலப்பு. டிரிஸ்டெசாவைத் தாங்கும், ஃபைட்டோப்தோராவையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் மட்டும் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை வெளுத்துவிடும். எங்கள் மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன்.

பென்சில் கனம் வந்த பத்து நாற்றுகளை எடுத்துக்கொண்டேன். இந்த விதைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் நகலாகவே முளைக்கும், வேரின் குணம் மாறாது. கூட்டத்தோடு சேராமல் வேறு மாதிரி வளர்ந்த இரண்டைக் கழித்துவிட்டேன். மிச்சம் எட்டு.

மார்ச் 17

மொட்டு எடுக்கும் சாத்துக்குடி ஒட்டுக்குச்சி, நோய்ச் சோதனை செய்து சான்று பெற்ற மரத்திலிருந்து வந்தது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எக்ஸோகார்ட்டிஸ் என்று ஒரு வைராய்டு, வைரஸைவிடவும் சின்னத் தொற்று. சாத்துக்குடியில் ஒரு அடையாளமும் காட்டாமல் ஒளிந்திருக்கும். சிட்ரேஞ்ச் வேரில் ஒட்டிய பிறகு, கீழே பட்டை செதில் செதிலாக உரிந்து மரம் குட்டையாக நின்றுவிடும். தாய்மரம் பார்க்க எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நம்ப முடியாது.

கத்தி வழியாகவும் அது பரவும். ஸ்பிரிட்டில் துடைத்தாலோ தீயில் காட்டினாலோ போகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தியை முக்கினேன்.

பட்டையில் டி வடிவக் கீறல், அதற்குள் மொட்டு, மேலே நாடா. ஆறு செடிகளில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் கட்டினேன். இரண்டில் அந்த உயரத்தில் பட்டை கழன்று வரவில்லை, தாழ்வாகக் கட்ட வேண்டியதாகிவிட்டது. நான்காவதும் ஏழாவதும். மனசு ஒப்பவில்லை.

ஏப்ரல் 8

நாடாவைப் பிரித்தேன். ஏழு மொட்டு பச்சை, ஒன்று காய்ந்துவிட்டது. பிழைத்த செடிகளின் தலையை வளைத்துக் கட்டினேன், மொட்டு விழிக்கட்டும்.

மே 29

துளிர் ஒரு முழம் வந்துவிட்டது. இரண்டு செடியின் இலைகளில் சொறி நோய்ப் புள்ளி. இலைத் துளைப்பான் புழு கீறிய தடத்தின் ஓரமாகவே வந்திருக்கிறது. "நல்ல வேர்தானே போட்டோம்?" என்றான் தம்பி.

சரி, இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். சொறி பாக்டீரியா இலையின் மூச்சுத் துளை வழியாகவும் காயம் வழியாகவும் நுழைகிறது. அங்கே இருப்பது சாத்துக்குடி இலை, அது சாத்துக்குடி இலையாகவேதான் நடந்துகொள்ளும். வேரின் எதிர்ப்பு சக்தி மேலே ஏறி இலைக்குக் கவசம் ஆகாது. சில்லிட் பூச்சி கொண்டுவரும் கிரீனிங் நோயும் அப்படித்தான். சில வேர்கள் மரத்தைக் கொஞ்சம் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்க வைக்கலாம், தொற்றைத் தடுக்காது. புள்ளி விழுந்த துளிர்களை வெட்டி எரித்தேன்.

ஜூன் 20

ஐந்தாவது செடியில் ஒட்டுக்குக் கீழே மூன்று மூன்று இலையாக ஒரு கிளை. வேர்ச்செடியின் சொந்தத் துளிர். விட்டால் அதுவே மரமாகிவிடும். விரலாலேயே கிள்ளி எடுத்தேன்.

ஜூலை 14

மூன்று நாள் மழை. இன்று போய்ப் பார்த்தால் எல்லாச் செடிக்கும் அடியில் மண் மேடு! "தண்ணி தேங்கக் கூடாதுன்னுதான் அக்கா அணைச்சேன்" என்றான் தம்பி. நல்லதை நினைத்துச் செய்திருக்கிறான், கோபப்பட முடியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ஒட்டின் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். இதற்குக் கீழே உள்ள பட்டைதான் பிசின் நோயைத் தாங்கும். மேலே இருப்பது, மார்ச்சில் நாம் பிடுங்கிப் போட்ட மரத்துக்கு இருந்த மாதிரியே சாத்துக்குடிப் பட்டை. மண் தழும்பைத் தாண்டினால் ஒட்டுக் கட்டியதற்கே அர்த்தமில்லை.

இருவரும் கையாலேயே மண்ணை விலக்கினோம். உயரமாகக் கட்டியவை தப்பித்தன. நான்காவதிலும் ஏழாவதிலும் தழும்பு புதைந்து, சாத்துக்குடிப் பட்டை ஊறிக் கிடந்தது. நகத்தால் லேசாகக் கீறினேன், உள்ளே இன்னும் பச்சை. தண்ணீர் வடிய ஓரமாக வாய்க்கால் வெட்டினான் தம்பி. அந்த இரண்டையும் நாளைக் காலை மறுபடி பார்க்கணும்.