அரியர் வைத்த அந்தப் பத்து மார்க்: ஏதென்ஸ், ரோம் குடியுரிமைக் கேள்வி

போன வாரம் ரிசல்ட் வந்தது. பண்டைய நாகரிகங்கள் தாளில் 75-க்கு 57. ஒரு வருடமாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கியது போல இருக்கிறது. போன முறை 34 வாங்கி, நான்கு மார்க்கில் அரியர் விழுந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. வரலாறு படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எகிப்து, மெசபடோமியா அலகுகளுக்கு எல்லோரிடமும் நல்ல குறிப்பு இருக்கிறது. "குடிமக்கள் யார்" என்ற கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறோம்.

பெயிலானதும் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கினேன். பகுதி இ-யில் இந்தக் கேள்விக்கு மூன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிடைத்தது 2. என் முதல் வரி: "கிரேக்க, ரோமானியச் சமூகங்களில் பெண்கள், அடிமைகள், அந்நியர்கள் குடிமக்களாகக் கருதப்படவில்லை." அதன் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் "எங்கே? எப்போது?" என்று இரண்டே சொற்கள்.

அந்த வரி கடையில் வாங்கிய கைடில் இருந்தது, அப்படியே மனப்பாடம் செய்திருந்தேன். அன்று ராத்திரி முழுக்கக் கோபம். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் திருத்தியவர் சொன்னது சரி என்று புரிந்தது. ஏதென்ஸுக்கு ஓரளவு பொருந்தும் அந்த வரி, ரோமுக்கு அப்படியே பொருந்தாது. ரோமானியக் குடும்பத்தில் பிறந்த பெண் குடிமகள்தான். வாக்கும் பதவியும்தான் அவளுக்குக் கிடையாது. குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமை, குடிமகனாகவே வெளியே வந்தான். அந்நியர்களை ஊர் ஊராக உள்ளே சேர்த்துக்கொண்டுதான் ரோம் வளர்ந்தது.

அதனால் இரண்டாம் முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஆளைச் சொல், ஊரைச் சொல், வருடத்தைச் சொல். பட்டியலாகக் கொடுத்தால் எனக்கு மண்டையில் ஏறாது, மனிதர்களாக வந்தால் மறக்காது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்கு ஓர் ஆள் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மொத்தம் பதினொரு தாள். சோறு வடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

எனக்கு மிகவும் உதவிய தாள், ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் மகனுடையது. கி.மு. 451-க்கு முன் ஒருவன் குடிமகனாக, அப்பா ஏதென்ஸ்காரராக இருந்தால் போதும். மக்களாட்சிக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தனிஸின் தாயே சிக்கியோன் ஊர்க்காரர். 451-ல் பெரிக்ளிஸ் சட்டம் கொண்டுவந்தார்: தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருக்க வேண்டும். பிறகு அவரே மிலேட்டஸிலிருந்து வந்த அஸ்பாசியாவோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்றார். அவருடைய சட்டப்படியே அந்தப் பிள்ளை குடிமகன் இல்லை. கொள்ளைநோயில் முதல் மனைவியின் பிள்ளைகள் இருவரும் இறந்த பிறகு, அவர் கேட்டுக்கொண்டபடி மக்கள் விதிவிலக்குக் கொடுத்து இந்த மகனைக் குடிமகனாகச் சேர்த்தார்கள். அவன் தளபதியாகி, கி.மு. 406-ல் அர்கினூசே கடற்போருக்குப் பிறகு அதே ஏதென்ஸால் மரண தண்டனை பெற்றான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சட்டம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மற்ற தாள்கள், சுருக்கமாக:

- 18 வயது ஏதென்ஸ் பையன்: டீம் என்ற ஊர்ப்பிரிவில் பெயர் சேர்க்க ஊரார் வாக்களிக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் போகலாம். அங்கேயும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள்.
- அரிஸ்டாட்டில்: தீர்ப்பிலும் பதவியிலும் பங்கு உள்ளவனே குடிமகன் என்றவர். ஸ்டாகிராவில் பிறந்ததால், ஏதென்ஸில் அவர் குடியேறியாகவே (மெடிக்) இருந்தார். மெடிக் ஆணுக்கு ஆண்டு வரி 12 திராக்மா.
- பாசியோன்: அடிமையாக இருந்து வங்கியாளர் ஆனவர். ஊருக்கு 1000 கேடயம் கொடுத்தார். சபை தனியாகத் தீர்மானம் போட்டுக் குடியுரிமை தந்தது. இவர் விதிவிலக்கு. ஏதென்ஸில் விடுதலை பெற்ற அடிமைக்குச் சாதாரணமாக மெடிக் நிலைதான்.
- ஸ்பார்ட்டா: பொது உணவுக்குப் பங்கு கட்ட முடியாதவன் குடியுரிமை இழப்பான். இரண்டு வரி போதும், அதற்கு மேல் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ரோமுக்கு வரும்போது ஐந்தாம் பிலிப்பின் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். மாசிடோனிய அரசர், ரோமின் எதிரி. கி.மு. 215 வாக்கில் லாரிசா என்ற கிரேக்க நகருக்கு எழுதுகிறார்: ரோமானியர்களைப் பாருங்கள், விடுதலை செய்த அடிமையைக்கூடக் குடிமகனாக்கிக்கொள்கிறார்கள், அதனால்தான் பெருகுகிறார்கள் என்று. கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. ஒப்பிடுக என்று கேள்வி வந்தால் இந்த ஒரு சான்றை வைத்தே ஏதென்ஸையும் ரோமையும் எதிரெதிரே நிறுத்திவிடலாம். இந்த முறை எனக்கு ஒப்பிடுக என்றுதான் வந்தது.

பிறகு வருடங்கள். கி.மு. 91-ல் ரோமின் இத்தாலியக் கூட்டாளிகள் கிளர்ந்தார்கள், கி.மு. 90-ல் ஜூலியச் சட்டம் கிளர்ச்சியில் சேராத கூட்டாளிகளுக்குக் குடியுரிமை கொடுத்தது. ரோமின் துணைப்படையில் சேர்ந்த அந்நிய வீரனுக்கு 25 வருட சேவைக்குப் பின் குடியுரிமை, சான்றாக வெண்கலத் தகடு. பவுலைச் சாட்டையால் அடிக்கப் போகும்போது "நான் ரோமக் குடிமகன்" என்றதும் நிறுத்துகிறார்களே, பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும். படைத்தலைவன் தான் பெரும்பணம் கொடுத்து வாங்கியதாகச் சொல்வான், பவுல் பிறப்பிலேயே குடிமகன் என்பார். அந்த உரையாடலிலேயே குடியுரிமை கிடைக்கும் இரண்டு வழி வந்துவிடுகிறது.

கடைசியாக கி.பி. 212. ரோமப் பேரரசன் காரகல்லா குடியுரிமையை "எல்லோருக்கும்" கொடுத்தான் என்று எழுதாதீர்கள். அடிமைகள் வெளியேதான். "சுதந்திர மனிதர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும்" என்று எழுதுங்கள். வரி வசூலைக் கூட்டத்தான் செய்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்வதை ஒரு வரி சேருங்கள். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் அதன்பிறகு எங்கு பார்த்தாலும் அவுரேலியஸ் என்ற பெயர். குடியுரிமை கொடுத்த பேரரசனின் குடும்பப் பெயரைப் புதுக் குடிமக்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அதை எழுதி முடித்து, கூடுதல் தாளுக்கு நூல் கட்டினேன்.