ஓக்லஹோமா சிட்டி: 168 நாற்காலிகளும் ஒரு மோசமான பஸ்ஸும்

டல்லாஸ் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கோ அக்கா தங்கை வீட்டுக்கோ வரும் நம்மவர்கள், கென்னடி சுடப்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, நாலு மால் சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வடக்கே சுமார் 330 கிலோமீட்டரில் ஓக்லஹோமா சிட்டி இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை போய் வாருங்கள். "அங்க என்னடா இருக்கு, வெறும் காத்துதான் அடிக்கும்" என்றுதான் பிளேனோவில் இருக்கும் என் அக்காவும் சொன்னாள். காற்று அடிக்கத்தான் செய்கிறது, தொப்பி நிற்காது. ஆனால் 1995 குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. பொது நினைவிடம் ஒன்றை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பஸ். டிக்கெட் மலிவு என்பதால் அதில் ஏறினேன். கிளம்பவே இரண்டு மணி நேரம் தாமதம். ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. உள்ளே ஏசி ஐஸ் பெட்டி மாதிரி. சார்ஜ் போடும் பிளக் ஒன்றும் வேலை செய்யவில்லை, கழிப்பறைக் கதவு சாத்தவே இல்லை. போய் இறங்கும்போது போன் செத்துவிட்டது. ஆப்பில் வண்டி கூப்பிட வழியில்லை. வெளியே நின்ற ஒரு டாக்ஸிக்காரர் பத்து நிமிஷ தூரத்துக்கு 40 டாலர் என்றார். பேசிப் பேசி 30-க்கு இறங்கினார். விடுதியில் விசாரித்தால், 12 கொடுத்திருந்தாலே அதிகம் என்றார்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் அது. பவர் பேங்க் இல்லாமல் அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள்.

சரி, நினைவிடத்துக்கு வருகிறேன்.

1995 ஏப்ரல் 19, காலை 9:02. மத்திய அரசு அலுவலகங்கள் இருந்த ஆல்ஃபிரட் மர்ரா பெடரல் கட்டடத்தின் வாசலில் நிறுத்தியிருந்த லாரியில் குண்டு வெடித்தது. வைத்தவன் திமத்தி மெக்வே, முன்னாள் ராணுவ வீரன், அரசாங்கத்தின் மேல் வெறுப்பு. ஒன்பது மாடிக் கட்டடத்தின் முன்பாதி சரிந்தது. 168 பேர் இறந்தார்கள், அவர்களில் 19 பேர் குழந்தைகள். இரண்டாம் மாடியில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது.

கட்டடம் நின்ற இடம் இப்போது புல்வெளி. அதில் 168 நாற்காலிகள். வெண்கல முதுகு, கீழே கண்ணாடிப் பீடம், அதில் ஒரு பெயர். தூரத்தில் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது. கிட்டே போனால், ஒன்பது மாடிக்கு ஒன்பது வரிசை. யார் எந்த மாடியில் இருந்தார்களோ அந்த வரிசையில் அவர்கள் நாற்காலி. கட்டடத்துக்கு வெளியே இறந்த ஐந்து பேருக்கு மேற்கு ஓரத்தில் தனி வரிசை. வெடிப்பு பலமாகத் தாக்கிய இடத்தில் நாற்காலிகள் நெருக்கமாக, விளிம்பில் கலைந்து கிடக்கின்றன. இதையெல்லாம் அங்கே வழிகாட்டும் ரேஞ்சர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வரிசைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே சின்ன நாற்காலிகள் சேர்ந்து நிற்கின்றன. வயிற்றில் பிள்ளையோடு இறந்த மூன்று பெண்களின் பெயருக்குக் கீழே, பிறக்காத அந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கிறது. அதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் நகர முடியவில்லை.

பக்கத்தில் ஒரு நீண்ட குளம், ஆழமே இல்லாத தண்ணீர். முன்பு அங்கே ஓடிய ஐந்தாம் தெருவைத்தான் குளமாக்கியிருக்கிறார்கள். அதன் இரண்டு முனையிலும் பெரிய வாசல்கள். கிழக்கு வாசலில் 9:01 என்றும் மேற்கில் 9:03 என்றும் எழுதியிருக்கிறது. 9:02 எந்த வாசலிலும் எழுதப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாம் நிற்கிற இடம்தான் அந்த ஒரு நிமிஷம்.

இது எப்படி அமைந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். குண்டு வெடித்த மூன்று மாதத்தில் மேயர் ரான் நோரிக் 350 பேர் கொண்ட குழுவை அமைத்தார். பிள்ளையை இழந்தவர்கள், இடிபாட்டிலிருந்து தப்பியவர்கள், மீட்புப் பணியாளர்கள் எல்லோரும் அதில் உண்டு. என்ன கட்டலாம் என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. இங்கே வந்து போகிறவர் மனதில் என்ன தங்க வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் எழுத்தில் வைத்தார்கள். குடும்பத்தார் சொல்லுக்கே அதிக எடை என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அதற்கப்புறம்தான் வடிவமைப்புப் போட்டி. 624 வரைவுகள் வந்தன. கடைசித் தேர்வுக் குழுவிலும் பெரும்பான்மை குடும்பத்தாரும் தப்பியவர்களும்தான். அவர்கள் ஒருமனதாகத் தேர்ந்தது, அப்போது பெர்லினில் இருந்த ஹான்ஸ் பட்ஸர், டோரி பட்ஸர் தம்பதியும் ஸ்வென் பெர்கும் அனுப்பிய இந்த நாற்காலிகளை. சாப்பாட்டு மேஜையில் காலியாகக் கிடக்கும் ஒரு இடம் என்னவென்று அந்தக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உயரமான தூணோ கையை உயர்த்திய சிலையோ இங்கே வராமல் போனதற்கு, குடும்பத்தாரை முதலில் கேட்ட இந்த முறைதான் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் சிற்பியைக் கூப்பிட்டு, திறப்பு விழா நாளில் மட்டும் குடும்பத்தாரை முன்வரிசையில் உட்கார வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இங்கே ஐந்தாம் ஆண்டு நினைவு நாளில், 2000 ஏப்ரல் 19 அன்று திறந்துவைத்தார்கள்.

மரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. எதிரே கார் நிறுத்துமிடத்தில் நின்ற ஒரு எல்ம் மரம். வெடிப்பில் கிழிந்து கருகி, தடயங்கள் கிளையில் தைத்திருந்ததால் வெட்டிவிடவே பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் துளிர்விட்டது. அதைச் சுற்றி வட்டமாக மேடை கட்டி, வேருக்குக் காற்றும் நீரும் போக நிலத்தடியில் வசதி செய்திருக்கிறார்கள். வருஷாவருஷம் அதன் விதையிலிருந்து கன்றுகள் வளர்த்து மக்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மரத்துக்காக வரைபடத்தையே வளைத்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே போல 1995-இல் இடத்தைச் சுற்றிப் போட்ட சாதாரணக் கம்பி வேலியின் ஒரு பகுதியையும் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் இன்னமும் அதில் பொம்மை, சட்டை, சாவிக்கொத்து என்று மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் 15 டாலருக்கு மேல். கையைக் கடிக்கும்தான், ஆனாலும் கொடுங்கள். குண்டு வெடித்த அன்று எதிர்க் கட்டடத்தில் நீர்வள வாரியத்தின் கூட்டம் ஒன்று 9 மணிக்குத் தொடங்கியது. அதன் ஒலிப்பதிவை இருட்டறையில் உட்கார்ந்து கேட்க வைக்கிறார்கள். சாதாரண அலுவலகப் பேச்சு, சட்டென்று அந்தச் சத்தம். எனக்குப் பிடிக்காதது, மெக்வே தப்பிப் போன மஞ்சள் காரை அங்கே நிறுத்தி வைத்திருப்பது. நம்பர் பிளேட் இல்லாததால் ஒன்றரை மணி நேரத்தில் அவன் பிடிபட்ட கதை முக்கியம்தான். அதைச் சொல்ல ஒரு புகைப்படம் போதும்.

சாப்பாட்டுக்கு கிளாஸன் சாலைக்குப் போங்கள். 1975-க்குப் பின் அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் வாழும் பகுதி. நான் சாப்பிட்ட ஃபோ சூப் அண்டா அளவுக் கிண்ணத்தில் வந்தது. பட்டை, அன்னாசிப்பூ மணம், துளசி, பச்சை மிளகாய், எலுமிச்சை. பஸ்ஸில் பிடித்த சளி அங்கேயே இறங்கியது. அந்த டாக்ஸியில் விட்ட காசில் பாதிகூட ஆகவில்லை, வயிறும் மனசும் நிறைந்தது. நகர மையத்தில் சுற்ற ஸ்ட்ரீட்கார் என்ற டிராம் இருக்கிறது, ஒரு டாலர்தான்.

திரும்பும்போது பஸ்ஸே வேண்டாமென்று ரயிலில் வந்தேன். ஹார்ட்லேண்ட் ஃப்ளையர், காலையில் கிளம்பி மதியம் டல்லாஸ் பக்கத்து ஃபோர்ட் வொர்த். கால் நீட்டி உட்காரலாம். நீங்கள் போகும்போதே அதில் போங்கள்: மாலையில் ஃபோர்ட் வொர்த்தில் ஏறினால் இரவு ஒன்பதரை வாக்கில் சேரும், ஸ்டேஷனிலிருந்து நினைவிடம் நடக்கும் தூரம். வெளிப்பகுதி 24 மணி நேரமும் திறந்திருக்கும், காசு கிடையாது, இரவில் ஒவ்வொரு நாற்காலியின் பீடத்திலும் விளக்கு எரியும். ஒரு இரவு அறை வாடகை கூடுதலாக ஆகும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு வருவதைவிட அந்தச் செலவு மேல். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.