வெடிச்சது வால்மீன் இல்ல

என்ன வேலை பாக்குறேன்னு கேட்டா வால்மீன் பாக்குறேன்னு சொல்லுவேன், உடனே போட்டோ காட்டும்பாங்க, என்கிட்ட இருக்குறதோ வெறும் மங்கலான திட்டு. சோஹோ விண்கலத்துல (நம்மூரு சாஃப்ட்வேர் கம்பெனி இல்லைங்க, 1995 டிசம்பர்ல சூரியனைப் பாக்க அனுப்புனது) ஸ்வான்னு ஒரு கருவி இருக்கு, பூமிலேருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு வானம் முழுக்க புற ஊதால ஸ்கேன் பண்ணும், அதோட டேட்டாதான் என் பொழப்பு. ஒரு பிக்சல் 1 டிகிரி, அதாவது ரெண்டு முழுநிலா அகலம். இதுல வாலாவது ஒண்ணாவது.

ஆனா அந்தத் திட்டுலதான் விஷயமே இருக்கு. வால்மீனோட ஐஸ் ஆவியாகும், அந்தத் தண்ணிய சூரிய ஒளி உடைக்கும், பிரிஞ்சு வர்ற ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர்ல ஒளிரும், லைமன் ஆல்ஃபான்னு பேரு. நம்ம காத்து மண்டலம் இதை அப்படியே முழுங்கிடும், தரையில எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வெச்சாலும் வேலைக்காகாது. 1997ல வந்த ஹேல்-பாப் வால்மீனோட ஹைட்ரஜன் மேகம் 10 கோடி கிலோமீட்டர் அகலம், கருவோ சில பத்து கிலோமீட்டர்தான். அந்த மேகம் சூரியனோட புற ஊதாவ மறைச்சு பின்னாடி 15 கோடி கிலோமீட்டருக்கு மேல நிழல் விழுந்ததையும் ஸ்வான் பாத்துச்சு, எனக்கு இன்னும் நம்ப முடியல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள், ஒரு வால்மீன் எவ்ளோ தண்ணி விடுதுன்னு அந்த ஹைட்ரஜன் வெளிச்சத்தை வெச்சு போடுற கிராஃப் சட்டுனு எகிறிச்சு. வால்மீன் வெடிச்சிருச்சுன்னு குரூப்புக்கே மெயில் தட்டிட்டேன், ரெண்டு நாள் ஒரே மிதப்பு. சீனியர் ஒருத்தர் வந்து பொறுமையா, "அந்த எடத்துல சூடான ஸ்டார் ஏதாச்சும் இருக்கா, பாத்தியா?"ன்னார். பாக்கல. புற ஊதால பிரகாசமா எரியுற ஒரு நீல நட்சத்திரத்துக்கு மேல வால்மீன் கடந்து போயிருக்கு, ரெண்டு வெளிச்சத்தையும் சேர்த்து நான் தண்ணிக் கணக்குல எழுதிட்டேன். நானே யோசிச்சிருக்கணும், ஹைட்ரஜன் அணு பல நாள் உசுரோட சுத்துறது, இன்னிக்குத் தெரியுற மேகத்துல போன வாரத்துத் தண்ணியும் இருக்கும், அதனால நிஜமா வெடிச்சாலும் வெளிச்சம் மெல்ல ஏறி மெல்லத்தான் இறங்கும், என் கிராஃப் மாதிரி ஒரே நாள்ல ஏறி மறுநாளே இறங்காது.

முக்கால்வாசி வேலை இந்தக் கழித்தல்தான், நட்சத்திரத்தைக் கழி, கிரகங்களுக்கு நடுவுல பரவியிருக்குற ஹைட்ரஜன் வெளிச்சத்தைக் கழி, மிச்சம்தான் வால்மீன். அன்னிக்கும் ஸ்டாரைக் கழிச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தேன், அந்த வாரம் அது வழக்கத்தைவிட டல்லாத்தான் இருந்திருக்கு. அந்த மெயிலையும் அனுப்ப வேண்டியதாப் போச்சு.