படம் வரைகிறவனின் ஜூன் மாதம்

ஜூன் 8, ஞாயிறு

திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்தும் பகல் நிறைய மிச்சம் இருந்தது. அத்தான் மிருகக்காட்சி சாலைக்குப் போகலாம் என்றார். ஓவியக் கூடங்களும் அதே மியூசியம் வளாகத்தில்தான் இருக்கின்றன, புலியைப் பார்த்துவிட்டு அங்கேயும் எட்டிப் பார்ப்போம் என்று பேரம் பேசி இழுத்துப் போனேன்.

ரவிவர்மா அவரை ஏமாற்றவில்லை. ‘ஹம்ச தமயந்தி’ முன்னால் நின்று, “இந்தச் சேலை இப்ப என்ன விலை வரும்?” என்றார். ஆயுள் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றவர். 1899-இல் வரைந்த சிவப்புச் சேலையைத் தொட்டுப் பார்க்கக் கை தானாக நீண்டது. காவலாளி செருமினார்.

அடுத்தது கே.சி.எஸ். பணிக்கரின் படங்கள். இங்கே அத்தான் கொட்டாவி விடுவார் என்று நினைத்தேன். 1963 வாக்கில் பணிக்கர் தொடங்கிய ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ வரிசை அப்படிப்பட்டது. பொடிப்பொடியாக வரிவரியாக எழுத்து. மலையாளம் போலத் தெரியும், படிக்கப் போனால் எந்த மொழியும் இல்லை. இடையிடையே ஜாதகக் கட்டம் போல ஒன்று, ஒரு பறவை, ஏதோ கணக்கு. அத்தான் ஒரு படத்தை விட்டு நகரவே இல்லை.

“இது எங்க அப்பாவுக்க பிரமாணம் மாதிரி இருக்குல்லா.”

பஸ்ஸில் களியக்காவிளை வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அத்தான் இன்று டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பிரமாணத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விளவங்கோடு தாலுகா நிலப் பத்திரம், மலையாளத்தில் எழுதியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அத்தான் படித்ததெல்லாம் அதற்கப்புறம், தமிழில். எனவே சொந்த நிலத்தின் பத்திரத்தை அவரால் படிக்க முடியாது. நிலமும் இப்போது இல்லை, வழக்கில் போயிற்று. வழக்கு நடந்த நாளெல்லாம் அவருடைய அப்பா சாயங்காலம் திண்ணையில் இந்தக் காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பக்கத்தில் போனால் அடி விழுமாம்.

விரித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடங்களில் மை கரைந்து பழுப்புக் கோடாகியிருந்தது. ஓரத்தில் முத்திரை, அடியில் கைநாட்டு. உண்மையில் பணிக்கரின் படத்துக்கும் இதற்கும் அவ்வளவு ஒற்றுமை கிடையாது. ஆனால் அத்தான் சொன்னதில் தப்பும் இல்லை. பணிக்கர் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாதபடி வைத்திருக்கிறார். படிக்க முடிந்திருந்தால் அத்தான் ஒரு வரி படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார். நான் எத்தனையோ தடவை அந்த வரிசையைப் பார்த்து, கோட்டின் அழகையும் வண்ணப் பொருத்தத்தையும் மெச்சியிருக்கிறேன். தொழில்காரன் பார்வை! ஒரு நாளும் எனக்குத் தொண்டை அடைத்ததில்லை.

ஜூன் 14, சனி

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். இறந்துபோன அம்மாவைப் பெரிதாக வரைய வேண்டும். இருக்கிற ஒரே படம் வாக்காளர் அட்டையில் உள்ளது, ஸ்டாம்பை விடச் சற்றுப் பெரிது. மூக்கு எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்பதே ஊகம்தான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்.

“கழுத்துல ரெட்டைவடம் செயின் போடணும் அண்ணே. எங்க அம்மை அதை அடகு வச்சாங்க, திருப்பவே இல்ல.”

செயின் எப்படி இருக்கும் என்று கேட்டேன். என் பென்சிலை வாங்கி அவரே வரைந்து காட்டினார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செயினின் கொக்கி வரைக்கும் போட்டார்.

ஜூன் 19, வியாழன்

கட்டம் போட்டு முகத்தை ஏற்றியாயிற்று. நிறத்துக்கு யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கன்னத்தில் கொஞ்சம் வெர்மிலியன். இன்று முழுக்க செயின்.

தஞ்சாவூர் படத்தில் அசல் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். எண்ணெய் வண்ணத்தில் தங்க நிறம் போட்டால் பித்தளைக்கடை போல ஆகிவிடும். முதலில் அழுக்குப் பழுப்பு, அதன்மேல் ஓக்கர், ஒவ்வொரு கண்ணியிலும் வெளிச்சம் படுகிற பக்கம் மட்டும் லெமன் யெல்லோவும் வெள்ளையும் கலந்து ஊசிமுனைப் பொட்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெறும் சகதி. நாலு அடி தள்ளி நின்றால் தங்கம். அந்த நாலு அடியில் வேலை செய்வது என் பிரஷ் அல்ல, பார்க்கிறவர் கண்.

ரவிவர்மா இதில் பெரிய ஆள். இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு: முக்கியமான ஆளைப் படத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார். சகுந்தலை முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்ப்பாள், துஷ்யந்தன் படத்தில் இருக்க மாட்டான். 1893-இல் சிகாகோ கண்காட்சிக்குப் போன பத்துப் படங்களில் ‘அதோ வருகிறார் அப்பா’வும் ஒன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் யாரையோ காட்டுகிறாள். அந்த அப்பாவையும் காணோம். அந்தப் பெண் ரவிவர்மாவின் சொந்த மகள், குழந்தை பேரன். ஊர் ஊராக அரண்மனைகளுக்குப் படம் வரையப் போய்க்கொண்டிருந்த மனிதர். வீட்டுக்கு யாரோ வந்து சேர்வதை வரைந்தபோது அவர் மருமகனை நினைத்தாரா, தன்னையே நினைத்தாரா? தன்னைத்தான் என்பது என் யூகம். வெளியூரில் சுவர் விளம்பரம் எழுதப் போய் வாரக்கணக்கில் வீடு திரும்பாதவன் நான், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

ஜூன் 23, திங்கள்

மழை. வண்ணம் காயவில்லை. வேலை இல்லை.

ஜூன் 26, வியாழன்

சாயாக்கடையில் ரசவடையோடு உட்கார்ந்திருந்தேன். கல்லாவுக்கு மேலே வழக்கமான லட்சுமி, ரவிவர்மாவின் லட்சுமிக்குப் பேத்திக்குப் பேத்தி. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்தார், படங்கள் பூஜையறைக்கு வந்தன. அந்தக் காலத்து அச்சுப் படங்களில் சிலவற்றில் சேலை இருக்கிற இடத்தில் நிஜத் துணி தைத்திருக்கும், நகை இருக்கிற இடத்தில் ஜரிகையும் சம்கியும் மணியும். வாங்கியவர்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்வதும் உண்டு. ரசனை கெட்ட வேலை என்று முன்பு என் குருநாதர் திட்டுவார், நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தப் பெண்களைப் பிடிக்கிறது. “இந்த ஓவியம் என்ன சொல்ல வருகிறது?” என்று கேட்கிறவர்களை விட, “இந்த இடத்தில் ஒரு மணி குறைகிறது” என்று ஊசியை எடுக்கிறவர்கள் படத்தை நன்றாகப் பார்க்கிறார்கள்.

ஜூலை 2, புதன்

அக்கா தம்பியோடு வந்தார். துணியை விலக்கினேன். அக்கா முதலில் செயினைத்தான் பார்த்தார், பிறகு முகத்தை. “சண்டை போடுறதுக்கு முன்னால அம்மை இப்படித்தான் பாப்பாங்க” என்று சிரித்தார், அழவும் செய்தார். நான் எந்தக் கோபத்தையும் வரையவில்லை. அட்டைப் படத்தில் இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது, அதை அப்படியே வைத்தேன், அவ்வளவுதான்.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இது ஆரு?” என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு மெல்லத்தான் விஷயம் புரிந்தது. செயின் அடகுக்குப் போனது தம்பி பிறந்த வருஷம், அவருடைய பிரசவச் செலவுக்கு. செயின் போட்ட அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. அவர் பார்த்த அம்மா, விடியுமுன் தலையில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற அம்மா. நெற்றியில் அந்தப் பட்டையின் தடம் மத்தியானம் வரை மறையாதாம்.

“அதைப் போட்டாத்தான் எங்க அம்மை.”

“சாகுற வரைக்கும் சுமந்த லைட்டைப் படத்துலயும் கட்டணுமாக்கும்?” என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஓவியன் கருத்துச் சொன்னால் பாக்கிப் பணம் வராது. கடைசியில் தம்பி தனக்குத் தனியாக ஒரு படம் வேண்டும் என்றார், செயின் இல்லாமல், ஹெட்லைட்டோடு. அந்த லைட்டு இன்னும் வீட்டில் கிடக்கிறதாம், நாளைக்குக் கொண்டு வருகிறார். முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

இரண்டையும் ஒரே சுவரில் மாட்டக் கூடாது என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.