7.75 முதல் 8.5 வரை: எனக்கான ஸ்கேட்போர்டு டெக்கை ஏறிப் பார்த்துத் தேர்ந்த அனுபவம்

என் ஸ்கேட்போர்டில் ஏறி நிற்கிற மரப்பலகையான பழைய டெக்கின் டெயில், அதாவது பின்முனை, தேய்ந்து கூராகி, அடி அடுக்கு சிம்பு சிம்பாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. புது டெக் வாங்கியே ஆக வேண்டும். கடையில் போய்க் கேட்டால் முதல் கேள்வி, "ஹைட் எவ்ளோ?" இணையத்தில் தேடினாலும் அதே அட்டவணைதான் திரும்பத் திரும்ப வருகிறது: இத்தனை அடி உயரம் என்றால் இத்தனை அங்குல அகலம். என் உயரம் 5 அடி 2 அங்குலம், ஷூ யுகே 5. அட்டவணைப்படி பார்த்தால் 7.5 அல்லது 7.75 வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் உயரமே இருக்கிற இன்னொருவர் நாள் முழுக்க ராம்ப்பில், அதாவது வளைந்த சரிவுமேடையில், ஏறி இறங்குகிறவராக இருக்கலாம். நான் காலையில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓட்டி, நடுநடுவே ஆலி (கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பும் குதிப்பு) அடித்து, எப்போதாவது மாமல்லபுரம் போனால் ராம்ப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு எப்படிச் சரிவரும்? அதனால் 7.75, 8.0, 8.25, 8.5 நாலையும் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டே காசைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். காலையில் ஓட்ட வருகிறவர்கள் யாருமே மறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா, நாளைக்குக் குடுங்க" என்று சொன்ன தம்பிகளுக்கு முதலில் நன்றி.

இந்த எண்களெல்லாம் பலகையின் நடுப்பகுதி அகலம், அங்குலத்தில். நீளம் பெரியவர்களுக்கான டெக்கில் 31 முதல் 32 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 8.0 என்றால் சுமார் 20.3 சென்டிமீட்டர். 8.25 என்றால் சுமார் 21. கால் அங்குலம் என்பது ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஏறி நிற்காதவர்களுக்குத் தோன்றும்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஷூவைக் கவிழ்த்து, அடிப்பகுதியின் நீளத்தை டேப்பால் அளந்தேன்: 26 சென்டிமீட்டர். பலகைக்குக் குறுக்கே நேராக நின்றால் 7.75 டெக்கில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நிற்கும். 8.25-இல் ஐந்து, 8.5-இல் நாலரைக்கும் கொஞ்சம் குறைவு. பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தவறே இல்லை, எல்லோருக்கும் நீட்டும். விரல்களாலும் குதிகாலாலும் ஓரத்தை அழுத்தித்தான் போர்டைத் திருப்புகிறோம். எவ்வளவு நீட்டினால் உங்களுக்கு வசதி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை உயரத்தில் இல்லை, பாதத்தில் இருக்கிறது.

முதலில் 7.75. பள்ளிக்கூடம் படிக்கிற தம்பி ஒருவனுடையது. கையில் தூக்கும்போதே எடை குறைவு தெரிந்தது. காலால் லேசாகச் சுண்டினால் போதும், பலகை சுழல்கிறது. ஷவிட் (பலகையைப் படுத்தவாக்கில் காலடியில் சுழற்றும் ட்ரிக்) அவ்வளவு சுலபமாக எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டியதும் உள்ளங்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. பாதத்தின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் பலகை கிடைக்கிறது. மிச்சத்தைத் தாங்கும் வேலை முழுக்கக் காலின் தசைக்கு. ஆலி அடித்து இறங்கும்போது கால் துளி முன்னே பின்னே விழுந்தாலும் பலகை ஒரு பக்கமாகச் சாய்கிறது. நின்ற இடத்திலேயே ஃப்ளிப் ட்ரிக் (பலகையைக் காலால் புரட்டும் வித்தை) பழகுகிற, சின்னப் பாதம் உள்ளவர்களுக்கு இது அருமையான அளவு. நான் தேடியது இதையல்ல.

அடுத்து நேர் எதிர்முனைக்குத் தாவினேன். 8.5. உயரமான அண்ணன் ஒருவருடையது, அவர் ஷூ யுகே 10. ஏறி நின்றதும் தரையில் நிற்பது போன்ற நிம்மதி. காலை எங்கே வைத்தாலும் பலகை இருக்கிறது. தார்ச்சாலையில் ஒரு சின்னக் கல் மாட்டினாலும் கொஞ்சம் ஆடிவிட்டு நேராகிறது. மாமல்லபுரத்தில் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தபோதுதான் இதன் அருமை முழுக்கப் புரிந்தது. மேலே போய்த் திரும்பி இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவே தேவைப்படவில்லை. ராம்ப், பவுல் (கிண்ணம் போலக் குழிந்த களம்) ஓட்டுகிறவர்கள் 8.5-ம் அதற்கு மேலும் கேட்பது ஏன் என்று அன்றைக்குக் கால் சொன்னது.

ஆனால் ஆலியின் நடுவே பலகையை நீள அச்சில் ஒரு முழுச் சுற்று சுற்ற வைக்கிற கிக்ஃப்ளிப்? பாதி சுற்றி நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பலகை தன் நீள அச்சைச் சுற்றிச் சுழல்வதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது அதன் எடையையும், அகலத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. அகலம் கூடினால் எடையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆக மொத்தத்தில் அகலத்தின் மும்மடிப் பெருக்கம். மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்: 8.0-லிருந்து 8.25-க்குப் போனால் சுழற்றுவதற்குச் சுமார் 10 விழுக்காடு கூடுதல் முயற்சி. 8.0-லிருந்து 8.5-க்கு 20 விழுக்காடு. 7.75-லிருந்து 8.5-க்கு 30-ஐத் தாண்டிவிடும். முக்கால் அங்குலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை கூடுகிறது! கால் அங்குல வித்தியாசம் காலுக்கு ஏன் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்கேட்போர்டின் வரலாற்றைப் பார்த்தாலும் அகலம் எப்போதும் ஓட்டும் முறைக்குப் பின்னாலேயே போயிருக்கிறது. 1980களில் ராம்ப்பும் காலி நீச்சல் குளமும்தான் களம். அப்போது 10 அங்குல அகலப் பலகைகள் சாதாரணம். 1970களின் கடைசியில் ஸ்கேட்டர் ஆலன் கெல்ஃபாண்ட் ராம்ப்பில் கையால் பிடிக்காமல் எழும்பிய ஆலியை, 1980களின் தொடக்கத்தில் இன்னொரு ஸ்கேட்டர் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். பலகையைக் காலாலேயே சுழற்றுகிற ட்ரிக்குகள் அதிலிருந்து பெருகின. தெருவில் ஃப்ளிப் ட்ரிக் பரவியதும் 1990களின் தொடக்கத்தில் டெக் 7.5 வாக்கில் ஒடுங்கி, வீலும் குட்டியானது. இப்போது மறுபடி அகலம் பக்கம் திரும்பி, கடைகளில் 8.25, 8.5 எல்லாம் சர்வசாதாரணம். இதில் எந்தக் கட்டத்திலும் மனிதர்களின் உயரம் மாறிவிடவில்லை.

டெக்கை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து ட்ரக்கைக் கவனியுங்கள், அதாவது டெக்குக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பகுதியை. ரவிக்கைக்குத் தோள் அளவு எப்படியோ, டெக்குக்கு ட்ரக் அப்படி. ட்ரக்கின் ஆக்சில் (சக்கரம் மாட்டும் அச்சு) முனைகளும் பலகையின் ஓரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் முடிய வேண்டும். இண்டிபெண்டன்ட் என்ற பிராண்டின் ட்ரக்கில் 139 என்றால் ஆக்சில் 8.0 அங்குலம், 144 என்றால் 8.25, 149 என்றால் 8.5. அரைக்கால் அங்குலம் அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை. 8.5 டெக்குக்குக் கீழே 139 போட்டால் ஓரத்தில் கால் வைத்ததும் பலகை கவிழப் பார்க்கும். அப்போது டெக்கின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. அந்தக் காரணத்துக்காகவே நான் டெக்கை மட்டும் கழற்றி மாட்டாமல், ஒவ்வொன்றையும் அதனதன் ட்ரக்கோடு முழு போர்டாகவே இரவல் கேட்டேன்.

8.0 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாமே ஓரளவு நன்றாக வந்தது. எந்த ஸ்டைலில் ஓட்டப் போகிறோம் என்று இன்னும் தெரியாமல் புதிதாகத் தொடங்குகிற பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

8.25-இல்தான் நான் நின்றேன். 8.0-இல் ஆலி இறங்கும்போது முன்னங்கால் விரல்கள் ஓரத்துக்கு வெளியே போகிற உணர்வு இருந்தது, இதில் இல்லை. கிக்ஃப்ளிப்புக்குக் கொஞ்சம் பலமாக உதற வேண்டியிருக்கிறது, ஆனால் சுற்றி முடிக்கிறது. சாலையில் வேகமாகத் தள்ளிப் போகும்போதும் நடுக்கமில்லை. ஆனால் இங்கே எதிர்பாராத ஒன்று. முதலில் ஓட்டிய 8.25-ம், பிறகு வேறொருவர் கொடுத்த 8.25-ம் ஒரே மாதிரி இல்லை. முதலாவதில் டெயிலைத் தட்டியதும் நோஸ் (முன்முனை) சட்டென்று எழும்பியது. இரண்டாவதில் தட்டினால் சோம்பேறித்தனமாக எழும்பியது. ஒரே அகலம், ஒரே ட்ரக், வீல்கூட ஒரே அளவு. கவிழ்த்துப் போட்டு அளந்தேன். வீல்பேஸ் வேறு.

வீல்பேஸ் என்பது முன் ட்ரக்கின் உள்பக்க போல்ட் ஓட்டைக்கும் பின் ட்ரக்கின் உள்பக்க போல்ட் ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரம். முதலாவதில் 14 அங்குலம், இரண்டாவதில் 14.5. அரை அங்குலம்தான். ஆனால் போல்ட்டுகளின் மேல் கால் வைத்து நிற்கும்போது, குட்டையான எனக்கு 14.5-இல் கால்கள் இரண்டும் கொஞ்சம் அதிகமாக அகன்றன. முழங்காலை மடக்கி எழும்பும்போது அந்தக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை உயரத்தைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். அகலத்தைப் பாதத்தையும் ஓட்டுகிற முறையையும் வைத்து முடிவு செய்யுங்கள், வீல்பேஸைக் கால்களின் நீளத்தை வைத்து. நெடுநெடுவென்று வளர்ந்தவர்களுக்கும், வேகமாக ராம்ப் ஓட்டுகிறவர்களுக்கும் 14.5 நிதானமாக இருக்கும். குள்ளமானவர்களுக்கும், தெருவில் ட்ரிக் பழகுகிறவர்களுக்கும் 14-ஐ ஒட்டி இருப்பது நல்லது. விற்கிறவர்கள் அகலத்தைப் பெரிதாகப் போடுவார்கள், வீல்பேஸ் விவரத்தில் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பலகையின் குறுக்கு வளைவான கான்கேவையும் கையால் தடவிப் பாருங்கள். ஓரங்கள் அதிகமாக மேலே வளைந்திருந்தால் அதே அகலம் காலுக்குக் குறுகலாகத் தெரியும்.

குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உயர அட்டவணை உண்மையிலேயே உதவுகிற இடம் அதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு "வளர்ந்ததும் சரியாகிவிடும்" என்று 8.25 வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் பள்ளிச் சீருடையை அப்படித்தான் வாங்குவோம், தெரியும். ஆனால் அந்தக் கனத்தைச் சின்னக் கால்களால் எழுப்ப முடியாது, இரண்டு வாரத்தில் ஆசையே போய்விடும். 7 முதல் 7.5 அகலத்தில், நீளமும் குறைந்த டெக் அவர்களுக்கென்றே வருகிறது. 22 அங்குல பிளாஸ்டிக் பென்னி போர்டு பல வீடுகளில் இருக்கும். ஆறு அங்குல அகலம்தான் அது. பக்கத்துத் தெருவரை போய்வரச் சந்தோஷமான பொருள், ஆனால் ஆலி பழக அது ஏற்றதல்ல.

சென்னைச் சாலையில் ஓட்டுகிறவர்கள் வீலையும் சேர்த்துத்தான் டெக்கை யோசிக்க வேண்டும். 52 மில்லிமீட்டர் விட்டம், 99ஏ (வீலின் கடினத்தன்மை எண்) கடின வீல் வழுவழுப்பான கான்கிரீட்டில் பறக்கும். அதையே மெரினா நடைபாதையின் கற்களில் விட்டால் ஒவ்வொரு இடுக்கும் கணுக்காலில் வந்து இடிக்கும். நான் 56 மில்லிமீட்டர், 78ஏ மென்வீல் போட்டிருக்கிறேன். வீல் பெரிதானால் வளைவில் பலகை அதில் உரசி போர்டு அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவோம். அதைத் தடுக்க ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் அரைக்கால் அங்குல ரைசர் பேட் வைத்தேன். ஒரு அங்குல போல்ட் இதற்குப் போதாது, கொஞ்சம் நீளமானது வேண்டும். ட்ரிக்குக்குக் கடின வீல் நல்லது என்று எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் நான் ஓட்டுகிற நேரத்தில் பாதிக்கு மேல் தார்ச்சாலையில்தான்.

மரத்தைப் பற்றியும் ஒன்று. நல்ல டெக் ஏழு அடுக்கு மேப்பிள். பெரும்பாலான அடுக்குகள் நீளவாட்டில், இரண்டு மட்டும் குறுக்குவாட்டில் ஒட்டியிருக்கும். விசைக்கு அது தாங்கும், ஈரத்துக்குத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் ஒரு தடவை விட்டால் ஓரம் ஊறி, டெயிலில் அந்த 'டப்' என்ற சத்தமே செத்துப்போகும். கடற்காற்றில் பேரிங்கும் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. பெசன்ட் நகரில் ஓட்டிவிட்டு வந்தால் மணலைத் துடைத்து வைப்பதை நான் விடுவதில்லை. ஓரங்களில் ஈரம் ஏற ஏற, காசு கொடுத்து வாங்கிய அந்த ஆறு மில்லிமீட்டருக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

கடைசியில் வாங்கியது: 8.25 அகலம், 14 வீல்பேஸ், மிதமான கான்கேவ், கீழே 144 ட்ரக். கால் வழுக்காமலிருக்க மேலே சொரசொரப்பான கிரிப் டேப்பை ஒட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து வெட்டி, போல்ட் ஓட்டைகளைக் கீழிருந்து குத்தித் திறந்து மாட்டி முடித்தேன். ஆலி நடைபாதை விளிம்பு உயரத்துக்கு வந்துவிட்டது. கிக்ஃப்ளிப் சுற்றி முடிகிறது, ஆனால் பின்னங்கால் மட்டும்தான் பலகையில் இறங்குகிறது, முன்னங்கால் இன்னும் தரைக்கே போகிறது. அடுத்து அதில்தான் வேலை. யுகே 4, 5, 6 ஷூ போடுகிறவர்கள் யாராவது எந்த அகலம் என்று குழம்பிக்கொண்டிருந்தால், காலை ஏழு மணிக்கு முன்னால் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் வாருங்கள். என் போர்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.