உண்ணிச்செடி அகற்றிய பிறகு: ஓர் ஆய்வுக்கு நிதியும் அனுமதியும் பெற்ற அனுபவம்

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் அடங்கிய புலிகள் காப்பகம் ஒன்றில், உண்ணிச்செடி (லன்டானா) என்னும் அந்நியப் புதர்ச்செடி அகற்றப்பட்ட இடங்களில் புல்லும் மண்ணுக்குரிய செடிகளும் எவ்வாறு திரும்பி வருகின்றன என்பதை மூன்று மழைக்காலங்கள் அளந்து முடித்திருக்கிறேன். அதற்கு அரசு நிதி பெற்றதையும், காட்டுக்குள் நுழைய அனுமதி பெற்றதையும், வனத்துறையின் வேலைத்திட்டத்தோடு ஆய்வைப் பொருத்தியதையும், இதே வழியில் இறங்கவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

உண்ணிச்செடி நம் நாட்டுக்கு 1809இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. இன்று நீலகிரியின் இலையுதிர் காடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி நிற்கிறது. அதன் அடியில் புல் தழைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் புள்ளிமானும் காட்டுமாடும் யானையும் மேய்வதற்கு ஒன்றுமில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றும் வேலை அதன் பிறகு வேகம் பிடித்தது. ஆனால் அகற்றிய இடத்தில் அடுத்து என்ன முளைக்கிறது என்பதில்தான் அந்த உழைப்பின் பலன் முழுவதும் தங்கியிருக்கிறது.

என் முதல் ஆய்வு முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் மண்ணின் சத்துகளும் நுண்ணுயிர்களும் எப்படி மாறுகின்றன என்று கேட்டிருந்தேன். கேள்வியில் குறையில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆயினும் அந்த நிதி, பொது நிலங்களின் மேலாண்மைக்கு உதவும் ஆய்வுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. வல்லுநர் குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர், “உங்கள் முடிவு கையில் கிடைத்தால் வனத்துறை மறுநாள் எதை மாற்றிச் செய்யும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முன்மொழிவைத் திருத்தி எழுத உட்காரும் முன் வனச்சரக அலுவலரைப் பார்க்கப் போனேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அவர் துறை வண்டியில் அழைத்துச் சென்று, ஒரே ஆண்டில் அகற்றிய இரண்டு இடங்களைக் காட்டினார். ஓர் இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். மற்றதில் பார்த்தீனியமும், அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த உண்ணிச்செடியும். “இங்க நாங்க ஒண்ணுமே போடலை மேடம், புல்லு தானா வந்திடுச்சு. அங்க ரெண்டு தடவை புல் விதை தூவியும் நிக்கலை. எங்க விதைக்கணும், எங்க சும்மா விட்டாப் போதும்னு வெட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா, இருக்கிற பணத்தை அங்க போட்டுடுவேன்” என்றார். என் ஆய்வுக் கேள்வியை அவர் அந்த மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். புதரின் அடர்த்தி, மேலே நிற்கும் மரநிழல், அருகில் எஞ்சியிருக்கும் புல்திட்டுக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றையும் வைத்து, தானாக மீளும் இடத்தையும் கைகொடுக்க வேண்டிய இடத்தையும் முன்கூட்டிப் பிரித்தறிய முடியுமா என்று இரண்டாவது முன்மொழிவை எழுதினேன். அது ஏற்கப்பட்டது.

நிதிக் கடிதம் வந்ததும் வேலை தொடங்கிவிடலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ், சரணாலயத்துக்குள் அறிவியல் ஆய்வுக்கு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். என் விண்ணப்பம் அங்கிருந்து கள இயக்குநர், துணை இயக்குநர் வழியாகச் சரகம் வரை இறங்கி, கருத்துரைகளோடு மீண்டும் மேலேறியது. இடையில் ஒரு முறை திரும்பியும் வந்தது. அந்தத் தவறு என்னுடையது: செடி மாதிரிகளைப் பறித்து எடுத்துவருவோம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். காட்டிலிருந்து எதையும் அகற்றுவதை 29ஆம் பிரிவு தனியாகக் கட்டுப்படுத்துகிறது. வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் சிறந்த மேலாண்மைக்கும் தேவை என்று அரசு கருதினாலன்றி அதற்கு அனுமதி இல்லை. செடிகளை நின்ற இடத்திலேயே அடையாளம் கண்டு, படமெடுத்துப் பதிவதாக வரியை மாற்றினேன். அடையாளம் காண ஐயம் வரும் இனங்களுக்கு என்ன செய்வது என்ற கவலை இருந்தது. அது எவ்வாறு தீர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். உடன் வரும் ஒவ்வொருவரின் பெயரும், வண்டி எண்ணும், ஆய்வு இடங்களின் ஆயத்தொலைவுகளும், மாதவாரியான நுழைவு நாள்களும் முதல் விண்ணப்பத்திலேயே இருந்தால் கேள்விகள் குறையும்.

மிகுந்த நேரமும் பொறுமையும் கேட்டது வேறொன்று. அகற்றிய இடத்தை மட்டும் அளந்தால், அங்கே வந்த மாற்றம் அகற்றியதால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஆகவே அகற்றாமல் விட்ட ஒப்பீட்டு இடங்கள் வேண்டும். இரண்டையும் அகற்றுவதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். ஆனால் சரக அலுவலருக்கு ஆண்டுக்கு இத்தனை ஹெக்டேர் என்று இலக்கு இருக்கிறது. அந்த எல்லைக்குள் அங்கங்கே புதரை விட்டுவைத்தால், வேலையைப் பார்வையிட வரும் மேலதிகாரியின் கண்ணுக்கு அது முடியாத வேலையாகத்தான் தெரியும். விட்டுவைத்த புதரிலிருந்து பறவைகள் பழத்தைத் தின்று, சுத்தம் செய்த இடத்தில் விதையைப் போடும் என்ற அவருடைய அச்சமும் நியாயமானது. இரண்டு சந்திப்புகள் முடிவில்லாமல் கலைந்தன. மூன்றாவது முறை அவர் தம் வேலை வரைபடத்தை மேசைமேல் விரித்து, மூன்று ஆண்டுகளில் அகற்ற வேண்டிய பகுதிகளைப் பென்சிலால் வகுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் அவர் ஒரே ஆண்டில் வெட்டப்போவதில்லை. வரிசை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எளிதான இடங்களே முதலில் வெட்டப்பட்டு ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடாதிருக்க, அந்த வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாமா என்று கேட்டேன். சாலையோரத்தில் இருந்த இரண்டு பகுதிகளைத் தீத்தடுப்புக் காரணத்துக்காக முதல் ஆண்டுக்கே வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்டார். மூன்றாம் ஆண்டில் வெட்டப்படும் பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பீட்டு இடமாக நின்றது. அவருடைய இலக்கில் ஒரு ஹெக்டேரும் குறையவில்லை. ஆய்வின் வலுவுக்கு இதைவிட உதவியது வேறெதுவும் இல்லை என்பேன். இதை நான் எந்தப் பாடநூலைப் பார்த்தும் வகுக்கவில்லை. அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துத்தான் தோன்றியது.

அகற்றும் முறையிலும் ஒரு நிபந்தனை வைத்தோம். தரைமட்டத்தில் வெட்டினால் உண்ணிச்செடி மறுபடி துளிர்க்கும். இயந்திரத்தால் பிடுங்கினால் மண் புரண்டு, புதைந்திருக்கும் விதைகள் மேலே வரும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடும் முறையை எல்லாப் பகுதிகளிலும் ஒரே மாதிரியாகக் கடைப்பிடித்தார்கள். முறை இடத்துக்கு இடம் மாறியிருந்தால் என் கணக்கு எதற்கும் உதவியிருக்காது.

பணத்தின் நாள்காட்டியும் காட்டின் நாள்காட்டியும் ஒத்துப்போவதில்லை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம். அப்போது உள்ளே போகும் நாள்கள் சுருங்கிவிடும். எனக்கு வேண்டிய முளைகளோ ஜூன் மழைக்குப் பிறகே தலைகாட்டும். அதாவது, செலவைக் கணக்குக் காட்ட வேண்டிய மாதங்களில் களவேலை இல்லை. களவேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் அடுத்த தவணை வந்து சேர்ந்திருக்காது. பணத்தை ஒதுக்கிய வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு விவர அறிக்கையும் போய்ச் சேர்ந்த பிறகே தவணை விடுவிக்கப்படும். முதல் ஆண்டு நான் சான்றிதழை மே மாதக் கடைசியில் அனுப்பினேன். தவணை தாமதமாகி, களப்பணியாளர்களின் இரண்டு மாதச் சம்பளத்தை வேறு வழியில் புரட்ட வேண்டியதாயிற்று. நாள்கூலியை நம்பி வந்தவர்களைக் காக்க வைத்தது இன்றும் உறுத்துகிறது. இரண்டாம் ஆண்டு முதல், கருவிச் செலவையெல்லாம் ஜனவரிக்குள் முடித்து, ஏப்ரல் முதல் வாரத்திலேயே தணிக்கை செய்த கணக்கை அனுப்பிவிட்டேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கான கூலியைச் செலவிடாத இருப்பாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல முன்கூட்டியே எழுத்து அனுமதியும் வாங்கினேன். முன்மொழிவில் இதற்கென்று ஒரு பத்தி எழுதுங்கள். வாங்கும் கருவிகளைவிட, மழை தொடங்கும் வாரத்தில் ஆள் கையில் இருப்பதே முக்கியம்.

அளக்கும் வேலை எளிமையானது. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குழாயால் செய்த சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிப் பெயரெழுத வேண்டும். எங்களோடு வந்த பெட்டக்குறும்பர் சமூகத்துப் பெரியவர் ஒருவர், இரண்டே இலை விட்டிருந்த முளையைக் கிள்ளாமல், விரல் நுனியால் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடுவார். நான் அதைக் குறியிட்டு வைத்து, அடுத்த மாதம் அது வளர்ந்த பிறகு சரிபார்ப்பேன். அவர் சொன்னது பிசகியதே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சரியாக இருந்தது. மாதிரி பறிக்க முடியாத சிக்கல் இப்படித்தான் தீர்ந்தது. அவரும் இன்னொருவரும் இந்த ஆய்வின் அறிக்கையில் இணை ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அடுத்த முன்மொழிவில் அவர்களுக்கு உதவியாளர் கூலி எழுதாமல், தாவர அறிஞருக்குரிய மதிப்பூதியம் எழுதியிருக்கிறேன். சில நாள்கள் யானைக் கூட்டம் பாதையில் நின்றுவிடும். உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் கையை உயர்த்தினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. அந்த நாள்களுக்கும் கூலி உண்டு என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதியிருந்தேன்.

முடிவுகளை ஆங்கில ஆய்வுக் கட்டுரையாக எழுதும் முன், இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாகவும் ஒரு வரைபடமாகவும் சரகத்துக்குக் கொடுத்தேன். புல்திட்டு அருகில் இருந்து, புதர் அடைந்து அதிக ஆண்டுகள் ஆகாத இடங்கள் பெரும்பாலும் தாமாகவே மீண்டன. எல்லாப் பக்கமும் உண்ணிச்செடியே சூழ்ந்திருந்த உட்பகுதிகளில் விதைப்பும், மறுமுளைப்பைத் தொடர்ந்து பிடுங்குவதும் தேவைப்பட்டன. இது எங்கள் பகுதிகளில் கண்டது மட்டுமே. வேறு மண்ணில், வேறு மழையளவில் மறுபடி அளந்துதான் சொல்ல வேண்டும்.

மூன்றாண்டு நிதியால் காடு போகும் திசையைத்தான் ஓரளவு காண முடியும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் 50 ஹெக்டேரில் அமைத்த நிரந்தர ஆய்வுப் பகுதியில், மார்பு உயரத்தில் 1 செ.மீ. விட்டத்தை எட்டிய தண்டுகள் அனைத்தும் இன்று வரை கணக்கில் வருகின்றன. வறட்சி, தீ, யானை ஆகியவற்றின் தாக்கத்தை அங்கே பிரித்துப் பார்க்க முடிவது அந்த நீண்ட தொடர்ச்சியால்தான். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கல்தூணை நட்டு, அதன் மேல் கைப்பேசியை வைத்து வடக்குப் பார்த்து ஒரு படம் எடுக்கும் ஏற்பாட்டை வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு பேசி முடித்தோம். ரோந்துப் பாதையிலேயே தூண்கள் இருப்பதால் அவர்களுக்குத் தனி நடை இல்லை. நிதி முடிந்து எட்டு மாதமாகிறது. பென்சிலால் கோடு வரைந்து தந்த அலுவலர் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, பழைய வரைபடத்தின் பெரிய நகல் ஒன்று வேண்டும் என்றும், இந்த ஆண்டு வெட்டும் பகுதிகளின் வரிசையை இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன்.